முடிவில்லாததற்கு ஒரு தேதி

ஒன்றைப் பூஜ்யத்தால் வகுத்தால் என்ன வரும்?

இந்தக் கேள்வியால் போன வாரம் எங்கள் கடற்கரை வாக்கிங் கோஷ்டி இரண்டாகப் பிளந்துவிட்டது. வழக்கமாக நாங்கள் பிரிவது அரசியலில்தான். கணக்கில் பிரிந்தது இதுதான் முதல் முறை.

ஆரம்பித்து வைத்தவன் என் பேரன். கம்ப்யூட்டர் படிப்பில் முதல் வருஷம். ஒரு சாயங்காலம் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ஜாவாஸ்கிரிப்ட் என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி, அதில் ஒன்று வகுத்தல் பூஜ்யம் என்று அடித்தான். "இன்ஃபினிட்டி" என்று பதில் வந்தது. பைத்தான் என்று இன்னொரு மொழி. அதே கணக்கைக் கொடுத்தால், பூஜ்யத்தால் வகுத்தது தப்பு என்று சொல்லிவிட்டு வேலையையே நிறுத்திவிட்டது. எக்செல்லில் போட்டால் கட்டத்துக்குள் "டிவ்/0" என்று ஒரு ஆச்சரியக்குறியோடு முறைக்கிறது.

"ஒரே கம்ப்யூட்டர், மூணு பதில். எது தாத்தா ரைட்டு?" என்றான்.

மறுநாள் காலை காந்தி சிலைப் பக்கம் நண்பர்களிடம் போட்டு வைத்தேன். ரிடையரான கணக்கு வாத்தியார் ஒருவர் எங்களோடு நடக்கிறார். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "வரையறுக்கப்படாதது. அவ்வளவுதான் பதில். முடிவிலி ஒரு எண்ணே கிடையாது சார். இல்லாத எண்ணை மெஷின் விடையாக் குடுத்தா புள்ளைங்க என்னத்த கத்துக்கும்?" மின்துறையில் இருந்து ஓய்வு பெற்ற இன்னொருவர் விடவில்லை. "மாஸ்டர், வகுக்கிற எண்ணு சின்னதாக ஆக ஆக விடை பெருசாகிட்டே போவுது. கடைசில இன்ஃபினிட்டிதானே?" திரும்பி வருகிற வரைக்கும் இதே சண்டை. டீ கூடத் தனித்தனியாகக் குடித்தார்கள்.

நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. எனக்கு அபிப்பிராயம் இல்லாமல் இல்லை. இந்தக் கணக்கில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அபிப்பிராயத்தை மட்டும் சொல்ல மனசு வரவில்லை. இங்கே இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம் என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் வகுப்பில் முடிவிலிக்குப் பெயர் "லன்ஃபினி". அடையாளம் படுத்திருக்கும் எட்டு. ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயர் 1655-இல் வெளியிட்ட நூலில் முதன்முதலாகப் போட்ட குறி அது. எங்கள் கணக்கு முசியே அதைப் பலகையில் எழுதும்போதெல்லாம் ஒரு எச்சரிக்கையும் கூடவே வரும். இது எண் இல்லை, கைகாட்டி மரம். கைகாட்டி மரம் ஊருக்குப் போகிற வழியைக் காட்டும், அதுவே ஊராகாது.

இதை மறக்காமல் இருக்க பிரெஞ்சுக்காரர்கள் எழுத்திலேயே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். ஐந்தும் அதற்கு மேற்பட்ட எண்கள் எல்லாமும் என்பதை நாங்கள் இப்படி எழுதுவோம்: [5, +∞[. ஐந்தின் பக்கத்தில் அடைப்பு உள்ளே பார்க்கிறது, ஐந்து உள்ளே சேர்த்தி. முடிவிலியின் பக்கத்தில் அதே அடைப்பு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்க்கிறது. அதாவது, அந்தப் பக்கம் கதவு சாத்தவே இல்லை. மாணவன் யாராவது அங்கே அடைப்பை உள்பக்கமாகத் திருப்பி மூடிவிட்டால் முசியே சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு அவனையே பார்ப்பார். அடிக்க மாட்டார். பார்ப்பார். அது அடியைவிட மோசம்.

இன்னொரு விஷயம். பிரெஞ்சுப் பள்ளிக் கணக்கில் பூஜ்யம் நேர் எண், எதிர் எண், இரண்டுமே. ஆங்கில மீடியத்தில் படித்த நண்பர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்குப் பூஜ்யம் இரண்டிலும் சேராதது. அம்பது வருஷம் கழித்து, கம்ப்யூட்டருக்குள் நேர்ப் பூஜ்யம், எதிர்ப் பூஜ்யம் என்று இரண்டு தனித்தனியாக இருக்கின்றன என்று பேரன் சொன்னபோது நான் சிரித்தேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

வேலைக்குச் சேர்ந்தது 1974-இல். அப்போது எங்கள் செக்‌ஷனில் ஒரு ஃபேசிட் கணக்கு மெஷின் இருந்தது. கையால் சுற்றுகிற மெஷின். இப்போதுள்ளவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்கு வகுத்தல் என்பது திரும்பத் திரும்பக் கழிப்பதுதான். வகுக்கிற எண்ணை வைத்துவிட்டு பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். கழித்தது அதிகமாகிவிட்டால் உள்ளே "டிங்" என்று ஒரு மணி அடிக்கும். ஒரு சுற்று முன்னால் சுற்றிச் சரி செய்துவிட்டு அடுத்த இலக்கத்துக்குத் தள்ள வேண்டும். புதிதாகச் சேருகிறவனைப் பழைய ஹெட் கிளார்க் ஒருவர் இப்படித்தான் ராகிங் செய்வார்: "தம்பி, நூறைப் பூஜ்யத்தால வகுத்து மணி அடிச்ச உடனே சொல்லு." நானும் சுற்றினேன். பூஜ்யத்தை எத்தனை தடவை கழித்தாலும் நூறு நூறாகவே இருக்கும், மணி அடிக்காது. என் கை வலித்த பிறகுதான் பின்னால் எல்லோரும் சிரிப்பது காதில் விழுந்தது.

வாத்தியாரின் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. விடை இல்லாத கணக்கு அது. ஆனால் நான் கையை எடுத்துவிட்டேன், மெஷின் நின்றுவிட்டது, யாருக்கும் நஷ்டமில்லை. நிறுத்த முடியாத இடத்தில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியை நிஜமாகவே உட்கார்ந்து யோசித்தவர் வில்லியம் காஹன். கனடாவில் பிறந்தவர், அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அதுவரை ஒவ்வொரு கம்பெனியின் கம்ப்யூட்டரும் தசமக் கணக்கைத் தன் இஷ்டத்துக்குச் செய்துகொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவாக 1985-இல் ஒரு விதி வந்தது. ஐ.இ.இ.இ. 754 என்று பெயர். அதை உருவாக்கியதில் காஹனுக்குத்தான் பெரும் பங்கு. 1989-இல் அவருக்குக் கம்ப்யூட்டர் உலகின் பெரிய விருதான டூரிங் விருது கொடுத்தார்கள். இன்று உங்கள் கையில் இருக்கும் செல்போனும் அந்த விதிப்படிதான் கணக்குப் போடுகிறது.

அந்த விதியில் ஒரு எண்ணுக்கு 64 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பூஜ்யமோ ஒன்றோ. எழுதக்கூடிய மிகப் பெரிய எண், ஏறக்குறைய 18 எழுதி அதற்குப் பின்னால் 307 பூஜ்யம் போட்டால் வருவது. எனக்குப் பிடித்த இடம் அதற்கு அடுத்தது. கட்டங்களை நிரப்பக்கூடிய விதங்களில் சிலவற்றை எண்களுக்குக் கொடுக்காமல் ஒதுக்கி வைத்தார்கள். ஒரு விதத்தில் நிரப்பினால் அது முடிவிலி. இன்னொரு விதத்தில் நிரப்பினால் "எண் அல்ல" என்று அர்த்தம். எந்தப் பெரிய எண்ணோடும் முடிவிலியைக் குழப்பிக்கொள்ள முடியாது. அதற்குத் தனி நாற்காலி.

அந்த நாற்காலி எதற்கு என்று கேட்டால் நம் மின்துறை நண்பருக்கே ஒரு உதாரணம் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கம்பி, இரண்டிலும் மின்சாரம் ஓடுகிறது. மொத்தத் தடை எவ்வளவு? ஒவ்வொரு தடையாலும் ஒன்றை வகுத்து, இரண்டையும் கூட்டி, வந்ததால் மறுபடி ஒன்றை வகுக்க வேண்டும். ஒரு கம்பியின் தடை பூஜ்யம் என்று வையுங்கள். ஒன்று வகுத்தல் பூஜ்யம், முடிவிலி. அதோடு எதைக் கூட்டினாலும் முடிவிலி. ஒன்றை முடிவிலியால் வகுத்தால் பூஜ்யம். மொத்தத் தடை பூஜ்யம். சரியான விடை! ஷார்ட் சர்க்யூட் ஆன எந்த வீட்டிலும் போய்ப் பாருங்கள். நடுவில் வந்த முடிவிலி, தன் வேலையை முடித்துவிட்டு, விடையில் தடம் இல்லாமல் போய்விட்டது. வாத்தியார் சொன்னபடி அங்கேயே நின்றிருந்தால் இந்த விடைக்கு வந்திருக்கவே முடியாது.

முடிவிலியோடு எதைக் கூட்டினாலும் முடிவிலி என்பது காஹன் கண்டுபிடித்ததும் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் பீஜகணிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். பூஜ்யத்தை வகுக்கும் எண்ணாகக் கொண்ட தொகையில் எவ்வளவு சேர்த்தாலும் எவ்வளவு எடுத்தாலும் மாறாது. உலகங்கள் எல்லாம் தோன்றும்போதும் ஒடுங்கும்போதும் அனந்தனாகிய விஷ்ணு மாறாமல் இருப்பது போல என்று உவமையும் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டர் உவமை சொல்வதில்லை. மற்றபடி கூட்டலில் அதே சங்கதிதான்.

ஆனால் முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால்? ஒன்றில் தொடங்கும் முழு எண்கள் எல்லாவற்றிலிருந்தும் இரட்டை எண்களை எடுத்துவிடுங்கள். எடுத்ததும் முடிவிலி, மிச்சமிருக்கும் ஒற்றை எண்களும் முடிவிலி. அதே முழு எண்களிலிருந்து ஐந்துக்கு மேலே இருப்பதை எல்லாம் எடுத்துவிடுங்கள். இப்போதும் எடுத்தது முடிவிலிதான், மிச்சம் ஐந்தே ஐந்து. விடை இதுதான் என்று சொல்ல வழியில்லை. ஜெர்மனியில் கேன்டர் இதையெல்லாம் தோண்டித் தோண்டி, முடிவிலிகளிலேயே சிறிசு பெரிசு உண்டு என்று நிரூபித்தார். 1877-இல் தன் நண்பர் டெடகிண்டுக்கு எழுதிய ஜெர்மன் கடிதத்தில், தான் கண்டுபிடித்ததைப் பார்க்கிறேன், ஆனால் நம்ப முடியவில்லை என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் பிரெஞ்சில் எழுதினார். ஏன் பிரெஞ்சில்? நம்ப முடியாததைத் தாய்மொழியில் எழுதக் கை வரவில்லையோ என்னவோ. எங்கள் ஊரில் பழைய ஆட்கள் கோபம் வந்தால் பிரெஞ்சுக்கு மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த மாதிரி இடத்தில்தான் கம்ப்யூட்டர் "எண் அல்ல" என்று எழுதுகிறது. அதன் ஆங்கிலப் பெயரின் மூன்று முதல் எழுத்துகளைச் சேர்த்துப் பேரன் "நான்" என்றுதான் உச்சரிக்கிறான். அந்த "நான்" தனக்குத் தானே சமமில்லை என்பது விதி. இது அதுவா என்று கேட்டால் இல்லை என்றே சொல்லும். "நான் நானில்லை தாத்தா" என்று அவன் சொன்னபோது வேதாந்தம் பேசுகிறான் என்று என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். யோசித்தால் நியாயமான விதிதான். இரண்டு மனுக்களில் "விலாசம் தெரியவில்லை" என்று இருந்தால் இருவரும் ஒரே வீட்டுக்காரர் ஆகிவிடுவார்களா?

எதிர்ப் பூஜ்யத்துக்கும் இங்கே வேலை உண்டு. ஒரு எதிர் எண் சின்னதாகிச் சின்னதாகி எழுத முடியாத அளவுக்குத் தேய்ந்துவிட்டால் பூஜ்யமாகும், ஆனால் தான் எந்தப் பக்கமிருந்து வந்தது என்ற குறியை விடாமல் வைத்துக்கொள்ளும். அதனால் ஒன்றை வகுத்தால் எதிர் முடிவிலி. பூஜ்யம் இரண்டு பக்கமும் சேர்ந்தது என்று முசியே சொன்னதற்கு இத்தனை வருஷம் கழித்து எனக்கு ஒரு ஆதரவு கிடைத்தது.

ஒரு குமாஸ்தாவாக இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பூஜ்யத்தால் வகுத்தால் முடிவிலி என்று எழுதிவிட்டு மேலே போகும்போதே, இங்கே இன்னது நடந்தது என்று ஒரு கொடியையும் தூக்கி வைக்க வேண்டும். யாராவது பார்த்து இறக்குகிற வரைக்கும் அது நிற்கும். கோப்பை நிறுத்தாமல் மேலதிகாரிக்கு அனுப்பி, ஓரத்தில் ஒரு சிவப்புச் சீட்டு செருகுவோமே, அதேதான். இந்த மாதிரிக் கொடிகள் மொத்தம் ஐந்து வகை. வருத்தம் என்னவென்றால் நிரல் எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கொடியைத் திரும்பிப் பார்ப்பதில்லையாம். பேரன் காட்டிய ஜாவாஸ்கிரிப்டில் பார்க்க வழியே கிடையாது. சீட்டு செருகிய கோப்பு சீட்டோடு ரெக்கார்டு ரூமுக்குப் போவது எனக்குப் புதிதில்லை.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். அந்த 307 பூஜ்யப் பெரிய எண்ணைப் பத்தால் பெருக்கினால், அதற்கும் சாதாரணமாக வருவது முடிவிலிதான். இது எனக்கு ஒப்பவில்லை. அது முடிவில்லாதது இல்லை, பேப்பரில் இடமில்லாதது. வாத்தியார் கோபப்பட வேண்டிய இடம் இதுதான். பூஜ்யத்தால் வகுத்து வந்த முடிவிலியும், இடம் போதாமல் வந்த முடிவிலியும் முகத்தைப் பார்த்தால் ஒன்றுபோல இருக்கின்றன. கொடியைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கொடியைத்தான் யாரும் பார்ப்பதில்லையே.

நிறுத்திவிடுவதுதான் யோக்கியம் என்று நினைப்பவர்களுக்கு ஏரியான் 5 ராக்கெட்டின் கதையைச் சொல்ல வேண்டும். 1996 ஜூன் 4-ஆம் தேதி, பிரெஞ்சு கயானாவில் கூரூ ஏவுதளத்திலிருந்து அதன் முதல் பயணம். திசை காட்டும் கருவிக்குள் ஒரு நிரல், பக்கவாட்டு வேகம் சம்பந்தப்பட்ட ஒரு 64 கட்ட எண்ணை 16 கட்டத்துக்குள் அடைக்கப் பார்த்தது. அந்தப் பதினாறு கட்டத்தில் 32,767-க்கு மேல் எழுத இடமில்லை. முந்தைய ஏரியான் 4-க்கு அது போதுமாக இருந்தது. அதற்கு எழுதிய நிரலையே இதிலும் வைத்திருந்தார்கள். ஏரியான் 5-இன் வேகம் அதிகம். எண் வழிந்தது. உடனே கருவி, பிழை என்று சொல்லித் தன்னை நிறுத்திக்கொண்டது. ஒன்று பழுதானால் உதவ இருந்த இரண்டாவது கருவியும் அதே நிரலால் அதற்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு முன்பே நின்றுபோயிருந்தது. நின்றுபோன கருவி அனுப்பிய பழுதுச் செய்தியை ராக்கெட்டின் கம்ப்யூட்டர் வேகமும் திசையும் என்று எண்ணி, எண்களாகவே படித்தது. படித்ததை நம்பி ராக்கெட்டை ஒரேயடியாகத் திருப்பியது. கிளம்பி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, நாலு செயற்கைக்கோளோடு வானத்தில் சிதறிப் போனது. அந்த நிரலுக்கு ஏரியான் 5-இல் கிளம்பிய பிறகு ஒரு வேலையும் இல்லை என்பது விசாரணை அறிக்கையில் உள்ள விஷயம். விசாரணைக் குழுவின் தலைவர் ழாக்-லூயி லியோன்ஸ், பிரெஞ்சுக் கணித மேதை.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது நின்றுபோனது மட்டும் இல்லை. "எனக்குத் தெரியவில்லை" என்று ஒருவன் சொன்னதை இன்னொருவன் ஒரு எண்ணாகப் படித்தானே, அது.

இனி என் கடன்.

1997-இல் எங்கள் அலுவலகத்தில் ஓய்வூதிய லெட்ஜர்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். நான் அப்போது செக்‌ஷனுக்குப் பொறுப்பு. ஒரு ஒப்பந்தப் பையன் உட்கார்ந்து அடிப்பான், நான் லெட்ஜரைப் படித்துச் சொல்வேன். லெட்ஜரில் "எது வரை" என்று ஒரு பத்தி உண்டு. பெரும்பாலும் தேதி இருக்கும். சிலருக்கு மட்டும் "ஆயுள் வரை" என்று எழுதியிருக்கும். அப்பா அம்மா இரண்டு பேரும் இறந்த பிறகு, தானாகச் சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குக் கொடுக்கிற குடும்ப ஓய்வூதியம் அப்படித்தான்.

பையன் கேட்டான். "சார், இந்த இடத்துல தேதி போடாம அடுத்த பக்கம் போவ மாட்டேங்குது. என்னா போடட்டும்?"

கையில் இன்னும் நானூறு பக்கம் இருந்தது. "ரொம்ப தூரத்துல ஒரு தேதி போடுப்பா. 31-12-2015 போடு" என்றேன்.

1997-இல் 2015 என்பது எனக்கு முடிவிலிதான். நான் 2011-இல் ரிடையர் ஆகிறவன். அதற்கு அப்புறம் உலகமே இல்லை என்கிற மாதிரி ஒரு நினைப்பு. எழுத்துக்கு எழுத்து ரூல் பார்க்கிறவன் என்று பெயர் வாங்கிய நான், அடைப்பை உள்பக்கமாகத் திருப்பிக் கதவைச் சாத்தினேன். முசியே பார்க்கவில்லை.

2016 ஏப்ரலில் ஒரு அம்மாள் வீடு தேடி வந்தார். அறுபது வயதிருக்கும். "சார், எங்கப்பா காலத்துலேருந்து உங்கள தெரியும், அதான் வந்தேன்" என்றார். அவருடைய தம்பிக்கு மனவளர்ச்சி குறைவு, வலிப்பும் உண்டு. ஜனவரியிலிருந்து பணம் வரவில்லை. பேங்கில் ஆபீசைக் கேள் என்கிறார்கள். ஆபீசில் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். "எந்தக் காலம் சார் முடிஞ்சுது? தம்பி உயிரோடதானே இருக்கான்" என்று கேட்டார். மாத்திரைக்காகத் தோட்டை அடகு வைத்திருந்தார். அதை அவராகச் சொல்லவில்லை. காதைப் பார்த்து நான் கேட்டேன்.

மறுநாள் அவரோடு போனேன். கவுண்ட்டரில் இருந்த பெண் பழைய ஆள் என்று மரியாதையாகத் திரையைத் திருப்பிக் காட்டினாள். "சிஸ்டத்துலயே முடிஞ்சிடுச்சி சார், பாருங்க." 31-12-2015. என் தேதி. என் கையெழுத்தே அங்கே இருந்த மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணிடம் இதே தேதி வேறு யாருக்கு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். இன்னும் மூன்று பேர்.

மனு எழுதி, மருத்துவச் சான்றிதழ் வைத்து, நாலைந்து முறை அலைந்து, ஆகஸ்டில் பாக்கியோடு பணம் வந்தது. மற்ற மூன்று பேருக்கும் அப்படியே. அந்த அம்மாள் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்து, கடவுள் மாதிரி வந்தீங்க என்றார். தேதியைப் போட்டவன் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை. இதைப் படிக்கிற யாராவது போய்ச் சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

புதிதாக என்ன தேதி போட்டார்கள் தெரியுமா? 31-12-9999. "இது வரவே வராது சார்" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

வராதுதான். என் தேதியைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் இதுவும் அதே ஜாதிப் பொய். முடிவில்லாததற்கு ஒரு எண்ணை வேஷம் போட்டு உட்கார வைத்தால், யாராவது ஒருநாள் அதை நிஜ எண் என்று நம்பிக் கணக்குப் போடுவார்கள். ஒவ்வொருவருக்கும் இன்னும் எத்தனை வருஷம் கொடுக்க வேண்டும், சராசரி என்ன என்று மேலிடத்தில் ஒருவர் கேட்கட்டும். இந்த ஒரு ஆளுக்கு ஏறக்குறைய எட்டாயிரம் வருஷம் என்று கூட்டிக்கொள்ளும். அந்தச் சராசரியை வைத்து நிதி ஒதுக்கீடு போனால் யார் தப்பு?

இதில் எனக்குக் கோபம் எங்கே என்றால், வழி இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்று ஒரு தகவல் தொகுப்பு மென்பொருள், இலவசம். அதில் தேதிப் பத்தியிலேயே முடிவிலி என்று எழுதலாம், எந்தத் தேதியோடு ஒப்பிட்டாலும் அதுதான் பிந்தியது என்று அது புரிந்துகொள்ளும். பேரன் காட்டினான். மற்றவற்றிலும் "மதிப்பு இல்லை" என்று காலியாக விட ஏற்பாடு உண்டு. காஹன் எண்களுக்குச் செய்து கொடுத்த தனி நாற்காலியைத் தேதிகளுக்கும் போடலாம். படிவம் வடிவமைக்கிறவர்கள்தான் அந்த இடத்தில் நட்சத்திரக் குறி போட்டு, நிரப்பாமல் போகக்கூடாது என்கிறார்கள்.

பேப்பர் லெட்ஜர் காலத்தில் எங்களுக்கு இது தெரிந்திருந்தது என்பதுதான் வேதனை. ஒரு பத்தியைச் சும்மா காலியாக விடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். பணம் இல்லையென்றால் "நில்". கேள்வியே அவருக்குப் பொருந்தாது என்றால் "பொருந்தாது". முடிவு தெரியாது என்றால் "மறு உத்தரவு வரும் வரை". நான்காவதாக, முடிவே வைக்கக்கூடாது என்றால் "ஆயுள் வரை". நாலும் நாலு சங்கதி. 0, "எண் அல்ல", காலி, முடிவிலி என்று கம்ப்யூட்டர்காரர்கள் இப்போது பிரித்துச் சொல்வதை, பேனாவும் மசியும் வைத்துக்கொண்டு நாங்கள் செய்துகொண்டிருந்தோம். மெஷினுக்கு மாறிய அன்றைக்கு நாலையும் ஒரே பத்தியில் போட்டுத் தேதியாக்கிவிட்டோம். மெஷின் கேட்டது என்பது உண்மை. ஆனால் அதற்குப் பொய் சொல்லக் கற்றுக் கொடுத்தது நாங்கள்.

ஆகவே வாத்தியாருக்கு என் பதில்: முடிவிலி எண் இல்லை என்பதில் நான் உங்கள் கட்சி. அதனால்தான் அதற்கு எண்ணாக இல்லாத ஒரு தனிக் குறி வேண்டும் என்கிறேன். அந்தக் குறியை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. என்னைப் போல ஒருவன் வந்து 2015 என்று எழுதுவான். பேரனுக்கு: பைத்தான் நிறுத்தியதும் சரி, ஜாவாஸ்கிரிப்ட் முடிவிலி என்றதும் சரி, எக்செல் முறைத்ததும் சரி. மூன்றுமே ஒரு எண்ணைச் சொல்லி உன்னை ஏமாற்றவில்லை.

போன நவம்பரில் வழக்கம்போல உயிரோடு இருக்கிறேன் என்று சான்றிதழ் கொடுக்கப் போனேன். கைரேகை வைத்துவிட்டு, மெதுவாக எட்டி என் பக்கத்தைப் பார்த்தேன். "எது வரை" என்ற இடத்தில் 31-12-9999.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "அதுவரைக்கும் உங்களுக்குக் காபி போட என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.